சேஃப்டி சுவிட்ச் மக்கர் செய்தால்: சுத்தம் செய்வதா, மாற்றுவதா, டைரக்ட் கொடுப்பதா?

செல்ஃபை அழுத்தினால் ரிலேயில் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) "டிக்" சத்தம்கூட இல்லை. ஆனால் ஹார்ன் கணீரென்று அடிக்கிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. இன்னொரு வண்டி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தில் இறங்கி ஏறினால் அரை நொடி அணைந்து மறுபடி பிடிக்கிறது. இரண்டு புகாருக்கும் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சுவிட்ச் போயிருக்கும், டைரக்ட் கொடுத்துடலாம்." அதாவது சுவிட்சை ஒதுக்கிவிட்டு, அது இல்லாமலே ஓடும்படி வயரை இணைத்துவிடுவது. பத்து நிமிட வேலை, வண்டியும் ஓடும். சில சுவிட்சுகளுக்கு அது பரவாயில்லை. சிலவற்றுக்கு அது விபத்துக்கு நாள் குறிப்பது. பைக்கும் ஸ்கூட்டரும் ஆபத்தான நிலையில் கிளம்பாமலோ ஓடாமலோ தடுக்கும் சேஃப்டி சுவிட்சுகளில் எதற்கு எது என்று பிரித்துப் பார்ப்போம்.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். சுவிட்சைச் சுத்தம் செய்யலாம், வயரையும், வயர்களை இணைக்கும் கப்ளரையும் சரிசெய்யலாம், சுவிட்சைப் புதிதாக மாற்றலாம், டைரக்ட் கொடுக்கலாம். எல்லா சுவிட்சுக்கும் ஒரே பதில் கிடையாது. அது கெட்டால் வண்டி என்ன செய்யும் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

கெட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான கியர் வண்டிகளில் செல்ஃப் ரிலேயின் சுருளுக்கு ஒரு பக்கம் 12 வோல்ட், சாவி, கில் சுவிட்ச் (ஹேண்டிலில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்), செல்ஃப் பட்டன் வழியாக வருகிறது. மறுபக்கம் எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த வண்டி உடம்பு) போக இரண்டு பாதைகள். ஒன்று நியூட்ரல் சுவிட்ச் வழியாக. மற்றொன்று கிளட்ச் சுவிட்சும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் வரிசையாகக் கோத்த பாதை. ஆகவே நியூட்ரலில் ஸ்டாண்டு கீழே இருந்தாலும் செல்ஃப் எடுக்கும். கியரில் இருந்தால் ஸ்டாண்டை மடக்கி கிளட்சையும் பிடித்தால்தான் எடுக்கும். மாடலுக்கு மாடல் இணைப்பு மாறும். சிலவற்றில் நியூட்ரலிலும் கிளட்ச் பிடித்தே ஆக வேண்டும்.

இரண்டு பாதைகளும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க நடுவில் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு சிறு டையோடு இருக்கும். சுவிட்சையெல்லாம் கழற்றிப் பார்த்தும் கோளாறு பிடிபடாதபோது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி கியரில், ஸ்டாண்டு மடங்கி இருக்கும்போது கிளட்சைப் பிடித்தால் நியூட்ரல் விளக்கு எரிகிறதா? டையோடு ஷார்ட், இரு திசையிலும் கரண்டை விடுகிறது. நியூட்ரல் விளக்கு ஒழுங்காக எரிந்தும் கிளட்ச் பிடிக்காமல் செல்ஃப் எடுக்கவில்லையா? டையோடு திறந்துவிட்டது, கரண்டை விடவே இல்லை. சுவிட்ச் எதையும் மாற்றத் தேவையில்லை. பல வண்டிகளில் இது ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் போலவே செருகியிருக்கும்.

ஓடும் எஞ்சினை அணைக்கும் வேலை தனி. நியூட்ரலில் இருக்க வேண்டும், அல்லது ஸ்டாண்டு மடங்கியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது இல்லையென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அதை நிறுத்திவிடும். இதில் கிளட்ச் சுவிட்சுக்குப் பங்கே இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் சுவிட்சுகள் மூன்று ரகமாகப் பிரிகின்றன. கிளட்ச், நியூட்ரல் சுவிட்சுகள் திறந்த நிலையில் (கரண்ட் போகாமல்) கெட்டால் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும், அவ்வளவுதான். கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், வண்டி சாய்ந்தால் அணைக்கும் சென்சார், இவற்றில் எது கெட்டாலும் ஓடும்போதே எஞ்சின் நிற்கும். மூன்றாவது ரகம்தான் மோசம்: கெட்டதே தெரியாது. பிரேக் விளக்கு எரியாதது பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். ஸ்டாண்டு சுவிட்ச் "மடங்கியிருக்கிறது" என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டால் வண்டி அருமையாக ஓடும். நியூட்ரல் வயர் எங்காவது உரசி எஞ்சின் உடம்பில் பட்டுவிட்டால், எந்தக் கியரில் இருந்தாலும் வண்டி தன்னை நியூட்ரல் என்றே நினைக்கும். கியரில் செல்ஃப் எடுக்கும், ஸ்டாண்டு கீழே இருந்தாலும் எஞ்சின் அணையாது. ஒரு வயர் உரசியதில் முழுப் பாதுகாப்பும் போய்விடும். எப்போதும் எரிகிற நியூட்ரல் விளக்கை "விளக்குதானே" என்று விடக்கூடாது.

சுவிட்சா, வயரா?

புதுசு வாங்கும் முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். புது சுவிட்ச் போட்டும் அதே புகார் திரும்பி வருவதற்குக் காரணம், பல நேரம் பழைய சுவிட்ச் நன்றாகவே இருந்ததுதான்.

செல்ஃபை அழுத்தும்போது ரிலே "டிக்" என்றால் கிளட்ச், நியூட்ரல், ஸ்டாண்டு பாதைகள் சரி. பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் சுவிட்ச் பாதைக்கு வாருங்கள். செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஸ்டாண்டு சுவிட்சிலிருந்து இசியூவுக்குப் போகும் வயரையும் சாய்வு சென்சாரையும் சந்தேகிக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் கில் சுவிட்ச் செல்ஃபையும் சேர்த்தே நிறுத்துவதால், அது கெட்டால் செல்ஃபும் சுற்றாது.

மல்டிமீட்டரில் பீப் சத்தத்தை மட்டும் நம்புவதுதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். பல மீட்டர்கள் 30 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். செல்ஃப் ரிலேயின் சுருள் சுமார் 4 ஓம் என்று வையுங்கள். சுவிட்சின் காண்டாக்டில் களிம்பு படிந்து 2 ஓம் தடை வந்துவிட்டால், 12 வோல்ட்டில் சுருளுக்குக் கிடைப்பது 8 வோல்ட்தான். ரிலே இழுக்கத் திணறும். மீட்டரோ சந்தோஷமாக பீப் அடிக்கும். எனவே ஓம் அளவில் வைத்து எண்ணைப் படியுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு மீட்டர் வயரின் சொந்தத் தடையைக் கழித்துவிட்டால், நல்ல சுவிட்ச் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

அதைவிட நம்பகமான சோதனை, சுவிட்ச் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன் இரு வயர்களுக்கும் இடையில் வோல்ட் அளப்பது. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் உள்ளே களிம்பு. கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்புறம் வழியாக மெல்லிய ஊசியை வயரை ஒட்டி நுழைத்து அளக்கலாம். வயரின் உறையைக் குத்தி ஓட்டை போட்டு அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக நீர் இறங்கி ஒரு மழைக்காலத்துக்குள் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.

லூஸ் காண்டாக்ட் என்றால் மீட்டரை மாட்டிவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். ஹேண்டில் தலைப்பகுதியில், உறை முழுசாக இருக்க உள்ளே செம்புக் கம்பி மட்டும் அறுந்திருப்பது சாதாரணம். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் மற்ற இடத்தைவிடத் தொளதொளவென்று மடங்கும்.

எர்த் வயரின் நிறம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு, கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. சர்க்யூட் படம் கையில் இருந்தால் அதையே நம்புங்கள்.

சைடு ஸ்டாண்டு சுவிட்ச்: அதிகம் கெடுவது, அதிகம் டைரக்ட் ஆவது

இது கெடுவதற்கு வண்டியின் அமைப்பே காரணம். ஸ்டாண்டு இடப்பக்கம், பெரும்பாலான வண்டிகளில் செயினும் இடப்பக்கம். முன்சக்கரம் அள்ளி வீசும் சேறு, செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெய், அதில் ஒட்டும் மணல், எல்லாம் இந்த ஒரு சுவிட்சின் மேல்தான் விழும்.

மூன்று வகை உண்டு. ஊசி உள்ளே போய் வரும் பிளஞ்சர் வகை. ஸ்டாண்டின் போல்டில் உட்கார்ந்து ஸ்டாண்டோடு சேர்ந்து சுழலும் வகை. காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வகை. சுத்தம் செய்வதா மாற்றுவதா என்பது வகையைப் பொறுத்தது.

பிளஞ்சர் வகைக்கு முதலில் சுத்தம்தான். ஸ்டாண்டைப் பாதி இறக்கி வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் வெளிச்சேற்றைக் கரைத்துத் துடையுங்கள். பிறகு பிளாஸ்டிக்கைப் பாதிக்காத காண்டாக்ட் கிளீனரை ஊசியின் பக்கத்தில் அடித்து, ஊசியை இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள். கடைசி மில்லிமீட்டர் வரை தானாகவே துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. அதற்குமேல் சுத்தம் உதவாது. ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் அப்படித்தான். இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மழையில் மறுபடி நிற்கும்.

சுழலும் வகையைத் திறந்து பழுது பார்ப்பது வீண் உழைப்பு. பக்கத்து மூடி ஒட்டப்பட்டிருக்கும். பிளந்து சுத்தம் செய்து மீண்டும் ஒட்டினாலும் நீர் புகாத அளவுக்கு மூடாது. புதுசு போடுங்கள். போடும்போது சுவிட்சில் இருக்கும் சிறு முளை ஸ்டாண்டில் உள்ள துளைக்குள்ளும், சுவிட்சின் பள்ளம் பிராக்கெட்டில் உள்ள ஊசியின் மேலும் சரியாக உட்கார வேண்டும். உட்காராமலேயே போல்டை இறுக்கி ஸ்டாண்டை மடக்கினால், அந்த ஒரு மடக்கிலேயே முளை ஒடிந்து புது சுவிட்ச் குப்பைக்குப் போகும். போல்டைப் பாதி இறுக்கி, கையால் ஸ்டாண்டை இரண்டு முறை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு முழுசாக இறுக்குங்கள். பல நிறுவனங்கள் இந்தப் போல்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்கின்றன. அதன் மரையில் தடவியிருக்கும் பசை ஒரு தடவைக்குத்தான்.

ஹால் சென்சாரில் உரசும் காண்டாக்ட் கிடையாது, களிம்பும் கிடையாது. அதை ஓம் மீட்டரால் சோதிப்பதில் அர்த்தமில்லை. கப்ளரை மாட்டியபடியே, சாவி போட்டு, சிக்னல் வயரில் வோல்ட் பாருங்கள். ஸ்டாண்டை மடக்கினால் எண் தெளிவாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்லும் முன் ஸ்டாண்டில் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தத் துண்டு கழன்று விழுந்திருக்கலாம், அல்லது அதன்மேல் இரும்புத்தூள் தாடி வளர்த்திருக்கலாம். கீழே விழுந்த வண்டிக்கு வேறு ஸ்டாண்டு மாட்டியபின் கியர் போட்டதும் எஞ்சின் அணைகிறதென்றால், புது ஸ்டாண்டில் காந்தமே இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

இனி டைரக்ட். அநேக வண்டிகளில் ஸ்டாண்டு மடங்கியிருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்கும். காரணம் எளிது: வயர் அறுந்தாலும் கப்ளர் கழன்றாலும் வண்டி "ஸ்டாண்டு கீழே" என்று எண்ணி நிற்க வேண்டும். அதனால் இரண்டு வயர் சுவிட்சில் இரண்டையும் சேர்த்தால் வண்டி ஓடும். மூன்று வயர் இருந்தால் ஒன்று ஸ்பீடோமீட்டரில் உள்ள ஸ்டாண்டு விளக்குக்கானது. தவறான ஜோடியைச் சேர்த்தால் விளக்கு நிரந்தரமாக எரியும், கியர் போட்டதும் எஞ்சின் அணையும். ஹால் சென்சாரிலோ வெறும் வயரைச் சேர்ப்பது சென்சாரின் சப்ளையையே ஷார்ட் ஆக்கக்கூடும். ஸ்டாண்டு விளக்கை மட்டும் எரியவிட்டு, எஞ்சினைத் தொடாத மாடல்களும் உண்டு. அவற்றில் டைரக்ட் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

டைரக்ட் கொடுத்த வண்டியில் ஒரு நாள் ஸ்டாண்டை மடக்க மறந்து கிளம்பினால் நேராகப் போகிறவரை ஒன்றும் தெரியாது. முதல் இடது வளைவில் வண்டி சாயும்போது ஸ்டாண்டின் நுனி தரையில் ஊன்றி, பின்சக்கரத்தைத் தூக்கும். சாய்ந்த வண்டியில் பின்சக்கரம் பிடியை இழந்தால் ஓட்டுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை. இந்த சுவிட்சுகள் வருவதற்கு முன் சில வண்டிகளில் ஸ்டாண்டின் நுனியில் ரப்பர் துண்டு வைத்திருந்தார்கள். தரையில் பட்டால் அந்த ரப்பரின் இழுப்பே ஸ்டாண்டைப் பின்னால் மடக்கிவிடும். இன்றைய ஸ்டாண்டுகளில் அது இல்லை. ஆகவே வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க மட்டும் டைரக்ட். அதையும் 5 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த வயரால், கப்ளரில் கொடுங்கள், வயரை வெட்டாதீர்கள். ஸ்பீடோமீட்டரின் மேல் ஒரு டேப் ஒட்டி ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். அவ்வப்போது விட்டு விட்டு வேலை செய்யும் ஸ்டாண்டு சுவிட்சோடு வண்டியை ஓட்டுவதும் ஆபத்துதான். முந்தும்போது எஞ்சின் அணைந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. "எப்போதாவதுதான் வருகிறது" என்று தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

கில் சுவிட்ச்: சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும்

எஞ்சினுக்குப் போகும் மொத்த மின்சாரமும் பல வண்டிகளில் இதன் வழியாகத்தான் போகிறது. பிளக்கில் பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில், பல வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும் சேர்த்து. காண்டாக்டில் களிம்பு ஏறினால் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க, காயிலுக்கு 11.4 போய்ச்சேரும். எஞ்சின் முழுசாக அணையாது. சுமை ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கும். பெட்ரோலில் தண்ணீர், பிளக், இன்ஜெக்டர் என்று செலவழித்துக்கொண்டே போய் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். இதைப் பலர் உபயோகிப்பதே இல்லை, சாவியாலேயே நிறுத்துகிறார்கள். நகராத காண்டாக்ட் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். தினமும் கில் சுவிட்சில் நிறுத்திப் பழகினால் அதுவே பாதிப் பராமரிப்பு.

வலப்பக்க சுவிட்ச் பெட்டியை அடியில் உள்ள இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றித் திறக்கலாம். ஆக்சிலரேட்டர் கேபிளும் அதே பெட்டிக்குள் இருந்தால் கேபிளைத் தளர்த்திவிட்டுத் திறங்கள். உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் இருக்கும். பெட்டி பிளந்த நொடியில் துள்ளி ஓடிவிடும். அடியில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செம்புத் தகட்டை 1500 அல்லது 2000 எண் நீர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். முரட்டுத்தாளோ அரமோ போட்டால் மேல்பூச்சு போய் இரண்டு மடங்கு வேகமாகக் களிம்பேறும். காண்டாக்ட் கிளீனரால் கழுவி, காய்ந்தபின் சறுக்கும் பகுதியில் மட்டும் டைஎலக்ட்ரிக் கிரீஸை விரலில் ஒட்டும் அளவு தடவுங்கள். அப்பிவிடக் கூடாது, அந்த கிரீஸ் மின்சாரம் கடத்தாது. அழுத்தம் உள்ள காண்டாக்ட் அதை விலக்கிக்கொண்டு தொடும், மெலிந்த ஸ்பிரிங்கால் அது முடியாது.

பிளாஸ்டிக் தாங்கிகள் உருகியிருந்தாலோ தகடு கறுத்துக் குழி விழுந்திருந்தாலோ முழு சுவிட்ச் பெட்டியையும் மாற்றுங்கள். உருகியதற்குக் காரணம் கூடுதல் ஹெட்லைட்டோ, வெளியே மாட்டிய வேறு சாமானோ இதிலிருந்து கரண்ட் எடுப்பதா என்றும் பாருங்கள். அதற்குத் தனி ரிலே போடாவிட்டால் புதுசும் உருகும்.

டைரக்ட் கொடுக்கும் முன் ஒன்று தெரிய வேண்டும். பேட்டரி இக்னிஷன் வண்டியில் கில் சுவிட்ச் திறந்தால் எஞ்சின் நிற்கும். பேட்டரி இல்லாமல், எஞ்சின் சுழற்சியிலேயே மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் ஓடும் பழைய சிடிஐ (பொறியின் நேரத்தைக் கவனிக்கும் மின்பெட்டி) வண்டியில் நேர்மாறு: சுவிட்ச் எர்த்தைத் தொட்டால்தான் நிற்கும். முதல் வகையில் வயர்களைச் சேர்க்க வேண்டும், இரண்டாவதில் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்துவிட்டு "காயில் போய்விட்டது" என்று புதுக் காயில் வாங்கியவர்கள் உண்டு. எப்படி ஆனாலும், ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் கட்டை விரல் தேடுவது இந்த சுவிட்சைத்தான். அது இல்லாமல் ஓட்டக்கூடாது.

கிளட்ச் சுவிட்ச்: டைரக்ட் கொடுத்தால் கெடுதி குறைவு, பயனும் குறைவு

லீவரின் அடியில் ஒன்றிரண்டு பொடி ஸ்க்ரூவில் நிற்கும் மைக்ரோ சுவிட்ச். சுவிட்சைத் தொடும் முன் லீவரைப் பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் லீவர் போதிய தூரம் போகாது. வண்டி கீழே விழுந்து வேறு லீவர் மாட்டியிருந்தால் சுவிட்சை அழுத்தும் பிளாஸ்டிக் நாக்கு அதில் இல்லாமல் இருக்கும். இரண்டுமே சுவிட்சின் குறை இல்லை.

சுத்தம் செய்ய ஒரு பீய்ச்சு காண்டாக்ட் கிளீனரும் ஐம்பது தடவை லீவரைப் பிடித்து விடுவதும் போதும். சரியாகாவிட்டால் மாற்றுங்கள். சின்னச் சாமான், சுலபமாக மாட்டலாம். ஸ்க்ரூவை முறுக்கித் திணிக்காதீர்கள், பிளாஸ்டிக் பிளந்துவிடும்.

டைரக்ட் கொடுத்தால் ஓடும்போது ஆபத்தில்லை. ஆனால் கியரில் இருப்பதை மறந்து செல்ஃபை அழுத்தினால் வண்டி முன்னால் துள்ளும். முன்னால் சுவரோ ஆளோ இருப்பதைப் பொறுத்து அது சிரிப்பாகவோ வினையாகவோ முடியும். இசியூ உள்ள வண்டிகளில் இன்னொரு பக்கவிளைவு: கிளட்ச் எப்போதும் பிடித்திருக்கிறது என்று அது நினைக்கும், குரூஸ் கண்ட்ரோல் இருந்தால் வேலை செய்யாது. வேறு வழியில்லாமல் ஒரு வாரம் ஓட்ட இது போதும்.

நியூட்ரல் சுவிட்ச்

கியரை மாற்றும் உருளையான கியர் டிரம்மின் முனையில் உட்கார்ந்து, நியூட்ரலில் எஞ்சின் உடம்பைத் தொட்டு எர்த் ஆகும் சுவிட்ச். பெரும்பாலும் ஒற்றை வயர். சோதனை சுலபம்: வயரைக் கழற்றி எஞ்சினின் வெற்று உலோகத்தில் தொட வையுங்கள். ஸ்பீடோமீட்டரில் நியூட்ரல் விளக்கு எரிந்தால் வயரும் பல்பும் சரி, சுவிட்ச்தான் காரணம். எரியவில்லையென்றால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். கழற்றி வைத்தும் எரிந்துகொண்டே இருந்தால் வயர் எங்கோ உரசுகிறது. முன் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடியின் உள்ளே, செயின் பக்கம், தேடுங்கள்.

இங்கே சுத்தம் என்பது முனையத்தைத் துடைப்பதோடு சரி. உள்ளே எண்ணெயில் குளித்துக்கொண்டிருப்பதால் களிம்பு வராது, தேய்மானம்தான் வரும். மாற்றும்போது வண்டியை வலப்பக்கம் சாய்த்து வைத்தால் சில மாடல்களில் எண்ணெய் இறக்காமலே முடித்துவிடலாம். டிரம்மின் முனையிலிருந்து சிறு ஊசியும் ஸ்பிரிங்கும் கழன்று விழும், அவை இல்லாமல் புது சுவிட்ச் எதையும் தொடாது. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தைப் புதிதாகவே போடுங்கள். பழையதைப் போட்டு மிச்சம் பிடித்தால் எண்ணெய் கசிந்து ஸ்பிராக்கெட் பக்கம் முழுக்க அப்பும், அது ஸ்டாண்டு சுவிட்சையும் போய்ச் சேரும்.

இதை டைரக்ட் கொடுப்பதுபோல் மோசமான முடிவு வேறில்லை. வயரை எர்த்தில் முடிந்துவிட்டால் கிளட்ச் பாதுகாப்பும் ஸ்டாண்டு பாதுகாப்பும் ஒரே முடிச்சில் காணாமல் போகும். புது சுவிட்ச் வரும்வரை வயரைக் கழற்றி முனையை டேப் சுற்றி வையுங்கள். ஸ்டாண்டை மடக்கி கிளட்சைப் பிடித்து வண்டி எடுக்கலாம். அசௌகரியம் உண்டு, ஆபத்தில்லை.

பிரேக் விளக்கு சுவிட்சுகள், சாய்வு சென்சார்

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். செல்ஃப் எடுக்காத ஸ்கூட்டரில் முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள். அதுவும் எரியவில்லையென்றால் கோளாறு கிடைத்துவிட்டது.

பின் பிரேக்கில் ஸ்பிரிங் இழுக்கும் சுவிட்ச் இருந்தால், அநேகமாக அட்ஜஸ்ட்மென்ட்தான் விலகியிருக்கும். உடலைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் வயர் முறுக்கி அறும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும். முன் பிரேக்கில் லீவரடி மைக்ரோ சுவிட்ச் என்றால் கிளட்ச் சுவிட்சுக்குச் சொன்னதேதான். பிரேக் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்சைச் சுத்தம் செய்ய வழியில்லை. பலமாகப் பிடித்தால் மட்டும் எரிகிறதென்றால் அதன் காலம் முடிந்தது. மாற்றியபின் பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும், செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும்.

சாய்வு சென்சார் வண்டி 60–65 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும். விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தியபின் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் பலவற்றில் மீண்டும் கிளம்பும். கழற்றிய சென்சாரைத் தலைகீழாக மாட்டிவிட்டு நாள் முழுக்கத் தேடுவதும் நடக்கும். மேல்பக்கம் எது என்று அதன் மேலேயே குறி இருக்கும். இதற்கு டைரக்ட் என்ற பேச்சே வேண்டாம். ஆளின் கால்மேல் கிடக்கும் வண்டியின் சக்கரத்தை நிறுத்துவது இதுதான்.

எந்த ஸ்ப்ரே, எந்த ஜாயிண்ட், எந்தச் சாமான்

டபிள்யூடி-40 போன்ற பொது ஸ்ப்ரே நனைந்த சுவிட்சிலிருந்து நீரை விரட்டும். வழியில் நின்ற வண்டியைக் கிளப்பும். ஆனால் விட்டுப்போகும் படலத்தில் தூசி ஒட்டும். காண்டாக்ட் கிளீனர் எதையும் மிச்சம் வைக்காமல் ஆவியாகும். அதனால் சுத்தத்துக்கு அது, காவலுக்கு மேலே மெல்லிய கிரீஸ். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது ஸ்டாண்டு சுவிட்சின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் எந்த ஸ்ப்ரேயையும்விட அதிகம் காப்பாற்றும். பிரஷர் வாட்டரை சுவிட்சின்மேல் நேராக அடிக்காதீர்கள்.

அறுந்த வயருக்கு ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா (உலோகக் குழாயில் வைத்து நசுக்குவது)? அசையாத இடத்தில் ஈயம் நல்லது. ஹேண்டில் தலைப்பகுதி மாதிரி மடங்கும் இடத்தில் கிரிம்ப்தான் மேல். ஈயம் இழைகளுக்குள் ஊறிச்சென்று வயரை விறைப்பாக்கும்; விறைப்பு முடியும் இடத்தில் மறுபடி அறும். முடிந்தால் மடங்கும் பகுதியைத் தாண்டி இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் அதே தடிமனில் புது வயர் சேருங்கள். மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை.

சாமான் வாங்குவதில், ஸ்டாண்டு சுவிட்சும் நியூட்ரல் சுவிட்சும் ஒரிஜினலாகவே இருக்கட்டும். நீரையும் எண்ணெயையும் அடைத்து நிற்பது அவற்றின் சீல்தான், மலிவானதில் முதலில் தோற்பதும் அதுதான். கிளட்ச், பிரேக் மைக்ரோ சுவிட்சுக்கு நல்ல வேறு கம்பெனிச் சாமான் போதும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கில் சுவிட்ச் பெட்டியை வாங்கிச் சுத்தம் செய்து போடலாம், பிளாஸ்டிக் உருகாமல் இருந்தால். பழைய ஸ்டாண்டு சுவிட்சை மட்டும் வாங்காதீர்கள். உங்களுடையதைக் கெடுத்த அதே சேற்றில்தான் அதுவும் கிடந்தது.

எந்த வேலை முடிந்தாலும் வண்டியை சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ ஏற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நியூட்ரலில் ஸ்டாண்டு கீழே: செல்ஃப் எடுக்க வேண்டும். அப்படியே கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் எஞ்சின் அணைய வேண்டும். ஸ்டாண்டை மடக்கி, கியரில், கிளட்சை விட்டு செல்ஃபைத் தொட்டால் எதுவும் நடக்கக்கூடாது. கிளட்சைப் பிடித்தால் எடுக்க வேண்டும். கில் சுவிட்ச் ஒருமுறை. முன் பிரேக், பின் பிரேக் தனித்தனியாக. கடைசியாக, ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, கையால் வயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஒரு துடிப்புகூடத் தவறினால் வேலை இன்னும் முடியவில்லை.